அடுப்படியில் சமைத்த பீர்

‘அவர் வீட்டிலேயே காய்ச்சுகிறார்’ என்று யாரைப் பற்றியாவது சொன்னால் நம் ஊரில் கேட்பவர் முகம் மாறிவிடும். ஊறல், பானை, போலீஸ், ஆஸ்பத்திரி என்று வரிசையாகக் கண்முன் வந்து நிற்கும். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் மெத்தனால் கலந்த சாராயத்தைக் குடித்து 60-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அதைப் பார்த்த ஊருக்கு அந்தப் பயம் நியாயமானதுதான்.

நான் சில ஆண்டுகள் அமெரிக்காவின் ஒரிகன் மாநிலத்தில் ஒரு சிறு நகரத்தில் இருந்தேன். அங்கே மாதத்துக்கு ஒரு சனிக்கிழமை காலையில் பக்கத்து வீட்டுக் கார் ஷெட்டிலிருந்து ஹார்லிக்ஸ் கரைத்தது போல ஒரு வாசனை தெருவுக்கு வரும். ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர் ஒருவர் பெரிய ஸ்டீல் அண்டாவை கேஸ் அடுப்பில் ஏற்றி, நீளமான துடுப்பால் கிளறிக்கொண்டிருப்பார். ஷெட்டின் கதவு திறந்தே இருக்கும். தெருப் பிள்ளைகள் சைக்கிளை நிறுத்தி எட்டிப் பார்த்துவிட்டுப் போவார்கள். அவர் பீர் சமைத்துக்கொண்டிருந்தார், அதில் எந்த ஒளிவுமறைவும் இல்லை. ஐந்து நிமிடம் நடந்தால் ஐம்பது வகை பீர் அடுக்கி வைத்த கடை இருக்கும் ஊரில், ஒரு மனிதர் தன் சனிக்கிழமை முழுவதையும் கொடுத்து 19 லிட்டர் பீரைத் தானே செய்வானேன்? இந்தக் கேள்வியோடுதான் அந்த ஷெட்டுக்குள் போனேன். அதற்கப்புறம் இரண்டு ஆண்டுகள் அவருக்கு எடுபிடியாக இருந்தேன்.

பணம் மிச்சமாகும் என்பதற்காக யாரும் இதைச் செய்வதில்லை. பாத்திரங்கள், தெர்மாமீட்டர், பழைய ஃபிரிட்ஜ் என்று எல்லாவற்றையும் கணக்குப் பார்த்தால் கடை பீரே மலிவு. ஒரு தலைமுறைக் காலம் அந்த நாட்டில் கடை பீர் முழுக்க ஏறக்குறைய ஒரே சுவைக்கு வந்துவிட்டிருந்தது. வேறு சுவை வேண்டியவர்கள் அடுப்பைப் பற்றவைக்க வேண்டியிருந்தது. இந்தப் பொழுதுபோக்கு அங்கேதான் உயிர் பிடித்தது. அந்த அடுப்புகளிலிருந்துதான் இன்றைய அமெரிக்க பீர் தொழிலின் பாதி எழுந்து வந்தது என்பது என் எண்ணம்.

சாராயம் வேறு, இது வேறு

முதலில் பயத்தைத் தீர்த்துவிடுவோம். சாராயம் என்பது புளித்த ஊறலைக் கொதிக்கவைத்து, ஆவியைக் குளிரவைத்து, ஆல்கஹாலைத் தனியாகப் பிரித்தெடுப்பது. பீரில் வடிப்பது என்ற வேலையே கிடையாது. அதில் கொதிப்பது இனிப்பான தானியச் சாறு. ஆல்கஹால் உண்டாவது அதற்குப் பின்னால், குளிர்ந்த நிலையில், ஈஸ்ட் என்ற நுண்ணுயிரைப் போட்டு, அது சர்க்கரையைத் தின்ற பிறகு. கடைசியில் கிடைப்பதில் பெரும்பாலும் 4 முதல் 6 சதவீதம் ஆல்கஹால் இருக்கும். நம் ஊரில் உயிரைக் குடிக்கும் மெத்தனால் பெரும்பாலும் தொழிற்சாலை ரசாயனமாக வந்து சேருவது, யாரோ பணத்துக்காகக் கலப்பது. பார்லிச் சாற்றில் ஈஸ்ட் வேலை செய்து அந்த அளவு மெத்தனால் வருவதற்கு வழியே இல்லை.

கெட்டுப்போன பீர் கூட நாக்கைத்தான் தண்டிக்கும். ஆல்கஹால், புளிப்பு, ஹாப்ஸ் என்ற பூவின் கசப்பு, காற்றில்லாத சூழல் என நான்கும் சேர்ந்திருப்பதால் ஆளைக் கொல்லும் கிருமிகள் அதில் பெருக முடியாது. கெட்டால் வினிகர் மாதிரி புளிக்கும், சாக்கடையில் ஊற்ற வேண்டியதுதான். அமெரிக்கச் சட்டமும் இந்த வேறுபாட்டைத்தான் பிடித்துக்கொண்டது. வீட்டில் பீர் சமைக்கலாம் என்று 1978-ல் வழிவிட்ட சட்டம், சாராயம் வடிப்பதைத் தொடவே இல்லை.

தமிழ்நாட்டில் 1937-ஆம் ஆண்டின் மதுவிலக்குச் சட்டம் இன்னும் நடப்பில் இருக்கிறது. உரிமம் இல்லாமல் எந்த மதுவையும் செய்வது குற்றம், அதில் பீரும் அடக்கம். ஆகவே இதைச் செய்முறைக் குறிப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம். ஆனால் தானியத்தை வீட்டில் மதுவாக்கும் வேலை நமக்கு அந்நியமானது என்று நினைப்பதும் தவறு. பெரும்பாணாற்றுப்படையில் ‘இல்லடு கள்’ என்றே ஒரு சொல் வருகிறது. இல்லத்தில் அட்ட கள், அதாவது வீட்டில் சமைத்த கள். தோப்பி என்று அதற்குப் பெயர். அதே பாட்டில் இன்னோரிடத்தில் அரிசியைக் கூழாகத் துழாவி, வாய் அகன்ற பாத்திரத்தில் ஆறவைத்து, புற்றுக்குள் இருக்கும் குரும்பி என்ற கறையான் கூட்டைப் போன்ற அடையைக் கலந்து, இரண்டு பகலும் இரண்டு இரவும் கழியும்வரை சாடியில் விளையவிடுவதைப் புலவர் அடுத்தடுத்துச் சொல்கிறார். அரிசிக் கூழ் தானாக மதுவாகாது. மாவை இனிப்பாக்கும் ஏதோ ஒன்று அந்த அடையில் இருந்திருக்க வேண்டும். பீர் சமைக்கத் தெரிந்தவர் யாரும் அந்த வரிகளைப் படித்ததும் இதைத்தான் முதலில் யோசிப்பார். ‘அடுதல்’ என்ற சொல் இந்த வேலைக்கு அவ்வளவு பொருத்தம். ‘காய்ச்சுதல்’ என்ற சொல்லில் ஒட்டிக்கொண்ட சாராய நாற்றம் அதில் இல்லை. இனி நானும் சமைப்பது என்றே சொல்கிறேன்.

ஹார்லிக்ஸ் வாசனை

பீருக்கு வேண்டியவை நான்கு: தண்ணீர், மால்ட், ஹாப்ஸ், ஈஸ்ட். மால்ட் என்றால் முளைகட்டிய தானியம், பெரும்பாலும் பார்லி. கேழ்வரகை ஊறவைத்து, துணியில் கட்டி முளைவிட்டு, காயவைத்து, இலேசாக வறுத்து அரைக்கும் பாட்டிகளுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. முளைகட்டிய கேழ்வரகில் கஞ்சி வைத்தால் சாதாரணக் கஞ்சியைவிட நீர்த்தும் இனிப்பாகவும் இருக்குமே, அந்த வித்தைதான் பீரின் அடித்தளம். விதை முளைக்கத் தொடங்கும்போது தன் மாவுச்சத்தை உடைத்துச் சர்க்கரையாக்க அமைலேஸ் என்ற நொதிகளைத் தயார் செய்கிறது. முளை வளர்ந்து அந்தச் சர்க்கரையைத் தின்றுவிடும் முன் சூடுகாட்டி உலர்த்திவிட்டால், மாவும் நொதியும் ஒரே தானிய மணிக்குள் தூங்கிக்கொண்டிருக்கும். ஹார்லிக்ஸில் இருப்பதும் பார்லி மால்ட்தான், அந்த வாசனைக்குக் காரணம் அதுவே.

சமைக்கும் நாளின் முதல் வேலை அந்த நொதியை எழுப்புவது. 19 லிட்டருக்கு நாலரை அல்லது ஐந்து கிலோ மால்ட். ரவை போலவும் இல்லாமல் முழுசாகவும் இல்லாமல் உடைத்து, சூடான தண்ணீரில் கலந்து, ஒரு மணி நேரம் 65 முதல் 68 டிகிரி செல்சியஸில் அப்படியே வைத்திருக்க வேண்டும். இந்தப் படிக்கு மேஷ் என்று பெயர். பார்ப்பதற்கு ஓட்ஸ் கஞ்சி மாதிரி இருக்கும். இங்கே இரண்டு மூன்று டிகிரிகூடப் பெரிய விஷயம். நொதியில் இரண்டு வகை உண்டு. ஒன்று 63, 64 டிகிரியில் சுறுசுறுப்பாக இருந்து மாவை ஈஸ்ட் முழுவதும் தின்னக்கூடிய சின்னச் சர்க்கரையாக நறுக்குகிறது. இன்னொன்று 70 டிகிரி பக்கம் வேலை செய்து, ஈஸ்ட்டால் தின்ன முடியாத பெரிய துண்டுகளையும் விட்டுவைக்கிறது. சூடு குறைவாக இருந்தால் பீர் நீர்த்து, வறண்டு, தெளிவாக இருக்கும். கூடினால் நாக்கில் கனமாக உட்காரும். தெர்மாமீட்டரின் இந்தச் சின்ன இடைவெளிக்குள் ஒருவர் தன் பீரின் உடம்பைத் தானே தீர்மானித்துவிடலாம். பக்கத்து வீட்டுக்காரர் அந்த ஒரு மணி நேரமும் அண்டாவுக்குப் பழைய கம்பளியைச் சுற்றி வைத்திருப்பார், பத்து நிமிடத்துக்கு ஒருமுறை தெர்மாமீட்டரைப் பார்ப்பார்.

அப்புறம் சக்கையை வடிகட்டினால் கிடைப்பது வொர்ட், தேன் நிறத்தில் திகட்டத் திகட்ட இனிக்கும் சாறு. அதை ஒரு மணி நேரம் கொதிக்கவிடும்போது ஹாப்ஸ் சேர்க்க வேண்டும். ஹாப்ஸ் ஒரு கொடியின் பூங்கொத்து. பச்சை நிறத்தில், சின்னத் தாழம்பூவைக் கட்டைவிரல் அளவுக்குச் சுருக்கியது போல இருக்கும். கஞ்சாவும் ஹாப்ஸும் ஒரே தாவரக் குடும்பம், ஆனால் இதில் அந்தப் போதை இல்லை. கொதியின் தொடக்கத்தில் போட்டால் கசப்பு இறங்கும், வாசனை பறந்துவிடும். கடைசி ஐந்து நிமிடத்தில் போட்டால் வாசனை தங்கும், கசப்பு அவ்வளவாக வராது. ரசத்தில் மிளகை எப்போது போடுவது, கொத்தமல்லியை எப்போது தூவுவது என்று பார்க்கும் அதே கைப்பக்குவம்தான்.

இதுவரை செய்ததெல்லாம் சமையல். பீர் இன்னும் வரவில்லை.

கழுவுவதும் காத்திருப்பதும்

எடுபிடியாக நான் கற்றது பெரும்பாலும் கழுவுவதுதான். கொதி அடங்கிய நொடியிலிருந்து சாற்றைத் தொடும் ஒவ்வொன்றும் கிருமி நீக்கிய பொருளாக இருக்க வேண்டும். வாளி, மூடி, குழாய், கரண்டி, ஈஸ்ட் பொட்டலத்தை வெட்டும் கத்தரிக்கோல் வரை. காரணம் எளிது. குளிர்ந்த வொர்ட் என்பது சர்க்கரையும் சத்தும் நிறைந்த விருந்து, யார் முதலில் பந்தியில் உட்காருகிறார்களோ அவர்களுக்குத்தான் சாப்பாடு. தோசை மாவில் நாம் காற்றிலும் உளுந்திலும் இருக்கும் நுண்ணுயிர்கள் எல்லாவற்றையும் வரவேற்கிறோம், அவற்றின் கலவைதான் நமக்கு வேண்டிய புளிப்பு. பீரில் நாம் அழைத்த ஓர் ஈஸ்ட் மட்டும் உண்ண வேண்டும். அதனால்தான் கொதித்த சாற்றைச் செம்புச் சுருள் குழாயில் தண்ணீர் ஓட்டி அரை மணிக்குள் 20 டிகிரிக்குக் கொண்டுவந்து, உடனே ஈஸ்ட்டைப் போட்டு மூடிவிடுகிறார்கள்.

ஒரே ஈஸ்ட் என்ற எண்ணம் வந்ததற்கும் ஒரு வரலாறு உண்டு. பீர் ஏன் கெடுகிறது என்று ஆராய்ந்த லூயி பாஸ்டர் 1876-ல் தன் முடிவுகளை வெளியிட்டார். வேண்டாத நுண்ணுயிர்களே காரணம் என்றார். 1883-ல் கோபன்ஹேகனின் கார்ல்ஸ்பெர்க் ஆய்வகத்தில் எமில் ஹான்சன் ஒரே ஒரு ஈஸ்ட் செல்லிலிருந்து தூய வளர்ப்பைப் பெருக்கிக் காட்டினார். கார்ல்ஸ்பெர்க் அதைப் பூட்டிவைக்காமல் மற்றவர்களுக்கும் கொடுத்தது. இன்று வீட்டில் சமைப்பவர் சில டாலருக்கு வாங்கும் 11 கிராம் ஈஸ்ட் பொட்டலத்துக்குப் பின்னால் அந்த ஆய்வகம் இருக்கிறது.

ஈஸ்ட் போட்ட மறுநாள் மூடியில் செருகிய ஏர்லாக் என்ற சின்னக் குழாயில் நீர்க்குமிழி ‘குளுக் குளுக்’ என்று வரத் தொடங்கும். கரியமில வாயு வெளியே போகலாம், காற்று உள்ளே வர முடியாது. அந்தச் சத்தம் கேட்டதும் எல்லோருக்கும் மூடியைத் திறந்து பார்க்க ஆசை வரும். திறக்கக் கூடாது. பீரில் ஏல், லாகர் என்று இரண்டு பெரிய வகை உண்டு, இரண்டுக்கும் ஈஸ்ட் வேறு. ஏல் வகை ஈஸ்ட்டுக்கு 18 முதல் 22 டிகிரி வேண்டும், லாகர் வகைக்கு 8 முதல் 13. அறை சூடேறிவிட்டால் ஈஸ்ட் அவசரப்படும். அப்போது அது விடும் துணைப்பொருட்களால் வார்னிஷ் வாடையும், தொண்டையைச் சுடும் காட்டமும் வந்துவிடும். கோடையில் தோசை மாவு இரவோடு இரவாகப் பொங்கி வழிந்து கடுத்துப்போவதைப் பார்த்தவர்களுக்கு இது புரியும். சீக்கிரமே எடுத்துவிட்டால் பச்சை ஆப்பிள் வாசனையோ வெண்ணெய் வாசனையோ மிஞ்சும். இன்னும் ஒரு வாரம் விட்டிருந்தால் ஈஸ்ட் தான் விட்ட அந்தக் குப்பையைத் தானே தின்று சுத்தம் செய்திருக்கும். பழகியவர்கள் ஒரு வாய் குடித்துவிட்டு எந்தப் படியில் தவறு நடந்தது என்று சொல்லிவிடுவார்கள். நாக்கால் நோய் கண்டுபிடிக்கும் இந்தத் திறமைதான் என்னை இந்தப் பொழுதுபோக்கில் முதலில் ஈர்த்தது.

வெப்பத்துக்கு ஒரு விதிவிலக்கு நார்வேயில் இருக்கிறது. அங்கே வோஸ் போன்ற மேற்குப் பகுதிகளில் பண்ணை வீடுகளில் தலைமுறை தலைமுறையாகச் சமைத்து வந்த பீரின் ஈஸ்ட்டுக்கு க்வைக் என்று பெயர். நாம் தயிருக்கு உறை எடுத்து வைப்பது போல ஒரு சமையலின் ஈஸ்ட்டை அடுத்த சமையலுக்கு எடுத்து, செதுக்கிய மர வளையங்களில் காயவைத்துத் தொங்கவிட்டார்கள். அது 35, 40 டிகிரியிலும் சுத்தமாக வேலை செய்து இரண்டு மூன்று நாளில் முடித்துவிடுகிறது. பெரிய ஆலைகள் கவனிக்காமல் விட்ட இந்த ஈஸ்ட்டை உலகம் முழுக்கக் கொண்டுபோனவர்களில் வீட்டில் சமைப்பவர்களுக்குப் பெரிய பங்கு உண்டு.

பீர் முடிந்ததா என்று கண்டுபிடிக்க ஹைட்ரோமீட்டர் இருக்கிறது. பால்காரரிடம் பால்மானி பார்த்திருப்போமே, அதேதான். தண்ணீரின் அடர்த்தி 1.000. இனிப்புச் சாறு 1.050 காட்டும். ஈஸ்ட் சர்க்கரையைத் தின்னத் தின்ன அது இறங்கி 1.010 பக்கம் நிற்கும். வித்தியாசத்தை 131-ஆல் பெருக்கினால் ஆல்கஹால் சதவீதம்: 0.040 பெருக்கல் 131, ஏறத்தாழ 5.2. இரண்டு மூன்று நாள் தொடர்ந்து ஒரே எண் வந்தால்தான் பாட்டிலில் அடைக்கலாம்.

அந்த விதியை நான் ஒருமுறை மீறினேன். தனியாகச் செய்த முதல் சமையல் அது. குமிழி நின்றுவிட்டது, சரி முடிந்தது என்று நினைத்து, ஹைட்ரோமீட்டரைத் தொடாமலே பாட்டிலில் அடைத்தேன். நுரைக்காக ஒவ்வொரு பாட்டிலிலும் கொஞ்சம் சர்க்கரை சேர்ப்பது வழக்கம், 19 லிட்டருக்கு மொத்தம் 110 கிராம் போதும். மூடிய பாட்டிலுக்குள் ஈஸ்ட் அதைத் தின்று வாயுவை உண்டாக்கும். என் பீரில் ஏற்கெனவே தின்னாத சர்க்கரை மிச்சமிருந்தது. பத்தாம் நாள் இரவு அலமாரிக்குள் பட்டாசு வெடித்தது போல ஒரு சத்தம். ஒன்று வெடித்ததும் பக்கத்தில் இருந்த நான்கும் போயின. கண்ணாடிச் சில்லு ஒன்று அலமாரிக் கதவில் குத்தி நின்றது. அங்கே யாரும் நின்றிருக்கவில்லை என்பது அதிர்ஷ்டம். பக்கத்து வீட்டுக்காரர் வந்து, தடித்த கையுறையும் கண்ணாடியும் போட்டுக்கொண்டு, மிச்சமிருந்ததை ஒவ்வொன்றாகத் திறந்து ஊற்றினார். பீரில் உண்மையான ஆபத்து எது என்று யாராவது கேட்டால் நான் அதைத்தான் சொல்வேன்.

ஒயினுக்குச் சரி, பீருக்கு இல்லை

இப்போது ஷெட்டின் கதவு எப்படித் திறந்தது என்று பார்ப்போம்.

அமெரிக்காவில் வீட்டு பீர் அந்த நாட்டைவிடப் பழையது. ஜார்ஜ் வாஷிங்டன் 1757-ல் தன் குறிப்பேட்டில் தவிடும் வெல்லப்பாகும் கொண்டு செய்யும் இலேசான பீருக்குக் குறிப்பு எழுதி வைத்திருக்கிறார். அந்தக் குறிப்பேடு இன்றும் நியூயார்க் பொது நூலகத்தில் இருக்கிறது. அப்புறம் 19-ஆம் நூற்றாண்டில் ஜெர்மானியக் குடியேறிகளும் ஐஸும் ரயிலும் சேர்ந்து பீரை ஆலைக்குக் கொண்டுபோயின. 1873-ல் 4,000-க்கும் மேற்பட்ட ஆலைகள் இருந்தன.

1920 ஜனவரியில் நாடு தழுவிய மதுவிலக்கு வந்தது. அதன் சட்டத்தில் வீட்டில் பழச்சாறும் சிடர் என்ற ஆப்பிள் சாறும் செய்துகொள்பவர்களுக்கு ஒரு சலுகை இருந்தது. திராட்சைச் சாறு பல வீடுகளில் ஒயினாகவே ஆனது. பீருக்கு அப்படி ஒரு சலுகை கிடையாது. ஆனாலும் ஆலைகள் பிழைக்க வேண்டுமே, அவை மால்ட் சிரப்பை டின்னில் அடைத்து ரொட்டி செய்யவென்று மளிகைக் கடைகளில் விற்றன. வாங்கியவர்கள் நிலவறையில் ஜாடி வைத்து, ரொட்டி ஈஸ்ட்டைப் போட்டு, பீர் செய்தார்கள். பெரும்பாலும் மோசமான பீர். ‘வீட்டு பீர் என்றால் மட்டம்’ என்ற எண்ணம் அந்தப் பதின்மூன்று ஆண்டுகளில் ஊன்றிவிட்டது.

1933-ல் மதுவிலக்கு நீங்கியது. வீட்டில் ஒயின் செய்வதற்கு மத்திய அரசு வழிவைத்தது. பீருக்கு வைக்கவில்லை. அடுத்த 45 ஆண்டுகள் ஒரே தெருவில் ஒருவர் திராட்சையைப் புளிக்கவைத்தால் குடிமகன், இன்னொருவர் பார்லியைப் புளிக்கவைத்தால் குற்றவாளி. எந்த நியாயத்திலும் சேராத பாகுபாடு இது. யாரும் கதவைத் தட்டிப் பிடிக்கவில்லை என்பது உண்மைதான். ஆனால் சட்டவிரோதம் என்பதால் நல்ல ஹாப்ஸ், புது ஈஸ்ட், சரியான புத்தகம் எதுவும் எளிதில் கிடைக்கவில்லை.

அந்த 45 ஆண்டுகளில் கடை பீருக்கு நேர்ந்ததுதான் எனக்கு அதைவிட வருத்தம். பெரியவை சின்னவற்றை விழுங்கின. 1970-களின் கடைசியில் நாடு முழுவதிலும் நூறு ஆலைகள்கூட மிஞ்சவில்லை. அவையும் செய்தது ஏறக்குறைய ஒரே பீரை: அரிசியோ மக்காச்சோளமோ கலந்த, வெளிர் நிறமான, சில்லென்று குடிக்க வேண்டிய லாகர். பொறியியலாகப் பார்த்தால் அது அற்புதம், கோடிக்கணக்கான பாட்டிலிலும் ஒரே சுவை. ஆனால் கறுப்பு ஸ்டவுட் எங்கே, கசக்கும் ஏல் எங்கே என்று தேடினால் கிடைக்காது.

பிரிட்டன் முந்திக்கொண்டது. அங்கே 1880 முதல் வீட்டில் சமைப்பவர்களும் உரிமம் வாங்க வேண்டியிருந்தது. 1963-ல் நிதியமைச்சர் ரெஜினால்ட் மோட்லிங் அதை நீக்கினார். சீக்கிரமே மருந்துக் கடைகளில்கூட பீர் சமைக்கும் பொருட்கள் விற்கத் தொடங்கின. ஸ்காட்லாந்தில் அமெரிக்கக் கடற்படையில் நீர்மூழ்கிகளைப் பழுதுபார்த்துக்கொண்டிருந்த ஜாக் மெக்காலிஃப் என்ற இளைஞர் அங்கத்திய ஏலைக் குடித்துப் பழகி, தானும் சமைக்கக் கற்றுக்கொண்டார். ஊர் திரும்பிய பிறகு அந்தச் சுவை அவருக்குக் கிடைக்கவில்லை. 1976-ல் கலிஃபோர்னியாவின் சோனோமாவில் பால் பண்ணைப் பாத்திரங்களையும் குளிர்பான சிரப் வந்த டிரம்களையும் வெட்டி ஒட்டி நியூ ஆல்பியன் என்ற சின்ன ஆலையைத் தொடங்கினார். ஆறு ஆண்டுகளில் அது பணமில்லாமல் மூடிவிட்டது. ஆனால் அதைப் பார்த்துவிட்டுப் போனவர்கள் மூடவில்லை.

அதே காலத்தில் லாஸ் ஏஞ்சல்ஸில் 1974-ல் மால்டோஸ் ஃபால்கன்ஸ் என்ற வீட்டுச் சமையல்காரர் சங்கம் தொடங்கிவிட்டிருந்தது. கொலராடோவின் போல்டர் நகரில் அணுப்பொறியியல் படித்துவிட்டுப் பள்ளி ஆசிரியராக இருந்த சார்லி பப்பேசியன் மாலை வகுப்பில் பீர் சமைக்கக் கற்றுக்கொடுத்துக்கொண்டிருந்தார். சட்டப்படி கூடாத பாடம், ஆனால் வகுப்பு நிறைந்திருந்தது.

1978-ல் வந்த மாற்றம் அவ்வளவு ஆரவாரமாக வரவில்லை. லாரி, பஸ் போன்றவற்றின் மீதான தீர்வையைத் திருத்தும் மசோதா ஒன்று, எண் 1337, காங்கிரஸில் போய்க்கொண்டிருந்தது. கலிஃபோர்னிய செனட்டர் ஆலன் கிரான்ஸ்டன் வீட்டு பீருக்கான திருத்தத்தை அதில் சேர்த்தார். 1978 அக்டோபர் 14 அன்று ஜனாதிபதி ஜிம்மி கார்ட்டர் கையெழுத்திட்டார், 1979 பிப்ரவரியில் நடப்புக்கு வந்தது. வயது வந்த ஒருவர் இருக்கும் வீட்டில் ஆண்டுக்கு 100 கேலன், இரண்டு பேர் அல்லது மேல் இருந்தால் 200 கேலன், அதாவது 757 லிட்டர். வரி கிடையாது, விற்கவும் கூடாது. மதுவிலக்கை நீக்கிய திருத்தமே மதுவைப் பற்றிய அதிகாரத்தை மாநிலங்களுக்கு விட்டிருந்ததால், ஒவ்வொரு மாநிலமும் தன் பங்குக்கு ஒப்புக்கொள்ள வேண்டியிருந்தது. கடைசி இரண்டான மிசிசிப்பியும் அலபாமாவும் 2013-ல்தான் சம்மதித்தன. முப்பத்தைந்து ஆண்டு தாமதம்!

கார்ட்டர்தான் அமெரிக்கக் கைவினை பீரை, அதாவது சின்ன ஆலைகளின் பீரைப் பெற்றெடுத்தார் என்று சிலர் சொல்வதை நான் ஏற்கமாட்டேன். மெக்காலிஃப் அதற்கு முன்பே தொடங்கிவிட்டார், விற்பனைக்கான ஆலைகளுக்கு அந்தச் சட்டம் எதையும் தரவில்லை. அது தந்தது வேறு: ஒளியாமல் கற்றுக்கொள்ள ஒரு பள்ளிக்கூடம். அதே 1978-ல் பப்பேசியனும் அவர் நண்பர் சார்லி மாட்ஸனும் அமெரிக்க வீட்டு பீர் சங்கத்தைத் தொடங்கி, பத்திரிகையும் நடத்தினார்கள். கடைகள் வந்தன, போட்டிகள் வந்தன. உங்கள் பீரை முன்பின் தெரியாத ஒருவர் சுவைத்து, என்ன குறை, எந்தப் படியில் வந்தது என்று தாளில் எழுதித் தருவார். அப்படித் திருத்தப்பட்டவர்களில் பலர் பிறகு ஆலை வைத்தார்கள்.

கென் கிராஸ்மன் கதை இதற்கு நல்ல உதாரணம். 1976-ல் கலிஃபோர்னியாவின் சிகோ நகரில் பீர் சமைக்கும் பொருட்கள் விற்கும் கடை வைத்திருந்தார். பழைய பால் பண்ணைப் பாத்திரங்களை வாங்கித் தானே வெல்டிங் செய்து சியரா நெவாடா ஆலையைக் கட்டினார், 1980-ல் முதல் பீர் வந்தது. அவருடைய பேல் ஏலின் உயிர் காஸ்கேட் என்ற ஹாப்ஸ். ஒரிகன் மாநிலப் பல்கலைக்கழகமும் விவசாயத் துறையும் வளர்த்தெடுத்து 1972-ல் வெளியிட்ட வகை அது. சாத்துக்குடித் தோல் போன்ற அதன் வாசனை அன்றைய லாகர்களுக்குப் பழக்கமில்லாதது. இன்று உலகம் முழுக்கக் கிடைக்கும் கசப்பு ஏல்களின் வாசனை அந்த வழியில் வந்ததே. நூறுக்குக் குறைந்திருந்த ஆலைகள் இன்று 9,000-ஐத் தாண்டியிருக்கின்றன. ஒபாமா காலத்தில் வெள்ளை மாளிகையின் அடுக்களையிலேயே, அங்கத்திய தேன்கூட்டின் தேனைச் சேர்த்து பீர் சமைத்தார்கள். செய்முறையைக் கேட்டு மக்கள் மனுப் போட, 2012 செப்டம்பரில் அதை வெளியிட்டார்கள்.

இந்த வெற்றி பொழுதுபோக்குக்கு ஒரு சிக்கலையும் கொண்டுவந்தது. வேறு சுவை வேண்டும் என்பதற்காகச் சமைக்க வேண்டிய தேவை இப்போது இல்லை, தெருமுனைக் கடையே அதைத் தந்துவிடுகிறது. பக்கத்து வீட்டுக்காரரிடம் இதைக் கேட்டேன். அவர் பதில் சொல்லாமல் வேலியைக் காட்டினார். அங்கே கயிற்றில் ஏறியிருந்தது ஒரு காஸ்கேட் கொடி, அவரே நட்டது.

ஹாப்ஸை அறுத்ததும் உலர்த்தித்தான் ஆலைக்கு அனுப்புவார்கள். உலர்த்தாத பச்சைப் பூ ஒரு நாளுக்கு மேல் தாங்காது, கறுத்துப்போகும். பச்சைப் பூவில் சமைத்த பீரில் புல் வெட்டிய வாசனையும் ஆரஞ்சுத் தோல் வாசனையும் சேர்ந்து வரும். ஹாப்ஸ் வயலுக்குப் பக்கத்தில் இருக்கும் சில ஆலைகள் ஆண்டுக்கு ஒருமுறை அதைச் செய்கின்றன. அவருடைய வேலிக்கும் அண்டாவுக்கும் இடையே பன்னிரண்டு அடி.

செப்டம்பர் முதல் வாரம் ஒரு காலை ஆறு மணிக்குக் கதவைத் தட்டினார். பூவை விரலால் நசுக்கிப் பார்த்தாராம், மஞ்சள் பொடி வந்துவிட்டதாம், இன்றைக்கே செய்துவிட வேண்டும் என்றார். எட்டு மணிக்குள் மால்ட் ஊறிவிட்டது. நான் ஏணியில் ஏறிப் பூக்களைப் பறித்துப் பறித்துக் கூடையில் போட்டேன், கையெல்லாம் பிசின். கொதி முடியும் நேரம் அவர் கூடையை அப்படியே அண்டாவில் கவிழ்த்தார்.

அதிலிருந்து 48 பாட்டில் வந்தது. ஆறை எனக்குக் கொடுத்தார். ஒவ்வொரு மூடியிலும் கறுப்பு மையில் அன்றைய தேதியை எழுதியிருந்தார். மூன்று மாதத்துக்குள் குடித்துவிட வேண்டும், அதற்கப்புறம் அந்த வாசனை நிற்காது என்று சொல்லி அனுப்பினார்.